ஓர் உடும்பும் ஓர் ஆளும்

இன்று காலை எங்கள் பிடோக் அடுக்குமாடி புளோக்கில் லிஃப்டுக்குப் பக்கத்தில் புதிதாக ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். ஒரு புறாவின் படம், அதன் குறுக்கே சிவப்புக் கோடு, கீழே நான்கு மொழிகளில் எச்சரிக்கை. தமிழில் மட்டும் "புறாக்கள் உணவளிக்கக் கூடாது" என்று இருந்தது. 'புறாக்களுக்கு' என்பதில் வர வேண்டிய 'க்கு' எங்கோ விழுந்துவிட்டது. சட்டம் நேராகப் புறாக்கள் மேலேயே பாய்ந்திருந்தது. படம் எடுத்து உனக்கு அனுப்பலாம் என்று கைப்பேசியைத் திறந்தேன். பட்டியலில் உன் பெயரைக் கண்டுபிடித்த பிறகுதான் நீ இறந்து எட்டு மாதம் ஆகிறது என்பது உறைத்தது.

அனுப்பியிருந்தால் நீ என்ன பதில் போட்டிருப்பாய் என்று எனக்குத் தெரியும். புறாவுக்குக் கடமை வந்துவிட்டது, உரிமைதான் இன்னும் வரவில்லை என்று எழுதியிருப்பாய். என் பதிலில் ஒரு எழுத்துப் பிழை இருந்தால் அதையும் திருத்தி அனுப்பியிருப்பாய். எதையும் சரியாகப் பார்க்காமல் அனுப்புகிற ஆள் இல்லை நீ. இந்தக் கடிதமே அதைப் பற்றியதுதான்.

உயர்நிலைப் பள்ளியில் நாம் இருவரும் சந்தித்துக்கொண்டது தமிழ் வகுப்பில் மட்டும்தான். மற்ற பாடங்களுக்கு நீ வேறு வகுப்பு. உன்னுடையது யாழ்ப்பாணத்து வழி வந்த கிறிஸ்தவக் குடும்பம், வீட்டில் எல்லாரும் ஆங்கிலம். என் வீட்டில் தமிழைத் தவிர வேறு பேச்சே கிடையாது. நீ சட்டம் படித்து அதையே கற்பிக்கப் போனாய். நான் நீதிமன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்தேன். ஒரே சட்டத்தின் மேல்மாடியில் நீ, கீழ்த்தளத்தில் நான் என்று நீ வேடிக்கையாகச் சொல்வாய். மாதத்தின் முதல் சனிக்கிழமை மதியம் சிராங்கூன் சாலைக்குப் பின்னால் இருந்த அந்தச் சைவ உணவகத்தில் சந்திப்போம். ஏறக்குறைய இருபது வருடம் அப்படிச் சந்தித்தோம்.

உன் பாடம் எனக்கு முதலில் விளையாட்டாகத்தான் தோன்றியது. நெய்த் தோசையைப் பிய்த்துக்கொண்டே, நம் ஊர்ப் பேச்சு வழக்கில் கடைசியில் ஒரு 'லா' சேர்த்து நீ விளக்கியது இன்னும் காதில் இருக்கிறது. "சட்டத்துக்கு ரெண்டே பெட்டிதான் லா. ஒண்ணு ஆள், இன்னொண்ணு பொருள். நாய், நீர்நாய், உடும்பு, ஆலமரம் எல்லாம் ரெண்டாவது பெட்டி." ஆனால் கம்பெனி ஆள் பெட்டியில் இருக்கிறது என்றாய். இந்தியச் சட்டத்தில் கோயிலில் இருக்கும் சாமியும் ஆள்தான், தன் பெயரில் நிலம் வைத்திருக்கலாம் என்றாய். நம் துறைமுகத்தில் நிற்கும் கப்பல் மேலேயே வழக்குப் போடலாம், கப்பலையே கைது செய்யலாம் என்றாய். இரும்பைக் கூண்டில் ஏற்ற முடிகிற சட்டத்துக்கு, மூச்சு விடுகிற ஒன்றைப் பார்த்தால் மட்டும் ஏன் கண் தெரிவதில்லை என்பது உன் கேள்வி. ஒரு காட்டையோ ஒரு விலங்கையோ சட்டம் ஆளாக ஏற்றுக்கொண்டு, அதற்காகப் பேச ஒரு காப்பாளரை நியமிக்க வேண்டும் என்பது நீ எழுதி வந்த கருத்து.

எனக்கு அந்தக் காப்பாளர் மேல்தான் சந்தேகம். சாமி பெயரில் பேசுகிறவர்களை நான் நிறையப் பார்த்தவள். அதோடு, என் தொழிலே இன்னொருவருக்காகப் பேசுவதுதான். கூண்டில் நிற்பவன் "நான் எடுக்கல" என்றால் நானும் நீதிபதியைப் பார்த்து ஆங்கிலத்தில் 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும். நான் தப்பாகச் சொன்னால் அவனுக்கு எப்படித் தெரியும்? என் முகத்தைப் பார்த்து நம்ப வேண்டியதுதான். "மரத்துக்கு வக்கீல் வெச்சா, அந்த வக்கீல் சரியில்லன்னு மரம் எங்க போய்ச் சொல்லும்?" என்று கேட்டேன். நீ சிரித்துவிட்டு, எனக்குச் சந்தேகம் உத்தியோகம் இல்லை, சுபாவம் என்றாய். பில்லை எடுத்துக்கொண்டு நீ எழுந்து போன பிறகும் எனக்கு ஒரு எண்ணம் ஓடியது. இவளுக்கு மனிதர்களைவிட விலங்குகள் மேல் பிரியம் அதிகமோ என்று. அந்த எண்ணம் என்னை விட்டுப் போகவே இல்லை.

பிறகு நீ செங்காங்குக்குக் குடிபோனாய். நாலாவது மாடி. முன்வராந்தாவில் நின்றால் எதிரே ஒரு துண்டுக் காடு தெரியும். பழைய ரப்பர் மரங்களும் கொடிகளும் நடுவில் ஒரு ஓடையும். வீட்டுக்கு வந்து பார்த்தபோது, என் வீட்டுப் பிரண்டையிலிருந்து ஒரு கணு வெட்டிக்கொண்டு வந்து கொடுத்தேன். அதை நீலத் தொட்டியில் நட்டு வராந்தாக் கம்பியில் படர விட்டாய். அடுத்த வருடமே காட்டைச் சுற்றித் தகரத் தடுப்பு வந்துவிட்டது. அங்கே கட்டடம் வரப் போகிறது, அனுமதி எல்லாம் முறையாக வாங்கியிருக்கிறார்கள் என்று நீ சொன்னாய். மரம் வெட்டுவதற்கு முன் உள்ளே நடந்து போய் விலங்குகளை விரட்டிவிட்டோ பிடித்துக்கொண்டு போய் வேறிடத்தில் விட்டோதான் வேலையைத் தொடங்க வேண்டும் என்று அனுமதியில் ஒரு நிபந்தனை உண்டாம். யாரும் நடந்த மாதிரி தெரியவில்லை, நேராக மண்தோண்டும் வண்டிதான் போகிறது என்று உனக்குச் சந்தேகம். அந்த ஒரு விஷயத்தில் நாம் இருவரும் ஒரே சாதி.

அதற்குச் சில வாரம் கழித்து என் மேசைக்கு ஒரு வழக்கு வந்தது. குற்றம் சாட்டப்பட்டவர் பெயர் செல்வராசு. புதுக்கோட்டைப் பக்கம். நாற்பது வயது இருக்கும். கட்டுமான வேலைக்கு வந்தவர். அனுமதி இல்லாமல் ஓர் உடும்பைப் பிடித்து வைத்திருந்தார் என்பது குற்றச்சாட்டு. பக்கத்தில் குடியிருக்கும் ஒருவர் அனுப்பிய படம் ஆதாரம். அதை அவரிடம் காட்டி விளக்குவது என் வேலை. தகரத் தடுப்புக்கு உள்ளே, சேற்றில், ஒரு ஆள் கோணிச் சாக்குடன் நிற்கிறார். சாக்கின் வாயிலிருந்து ஓர் உடும்பின் தலையும் ஒரு முன்காலும் வெளியே தொங்குகின்றன. படம் மேலிருந்து எடுக்கப்பட்டது. அதன் கீழ்மூலையில் கம்பியைச் சுற்றிய ஒரு பச்சைக் கொடி, மங்கலாக. நாலு பட்டைத் தண்டு. என் வீட்டுப் பிரண்டை.

அந்த நிமிடமே நான் மேலதிகாரியிடம் போய், புகார் கொடுத்தவர் எனக்குத் தெரிந்தவராக இருக்கலாம், வேறு ஒருவரைப் போடுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். விதி அதுதான். நான் சொல்லவில்லை. கொடி பொதுவானது, எல்லார் வீட்டிலும் இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மை அது இல்லை. உன்னைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று எனக்குள் ஒரு ஆசை கிளம்பிவிட்டது. மிருகத்துக்காகப் பேசுகிறேன் என்று சொன்னவள் முதல் வேலையாக ஒரு தமிழ்த் தொழிலாளியைக் காட்டிக்கொடுத்திருக்கிறாள் என்று மனம் கணக்குப் போட்டுவிட்டது.

அடுத்த சனிக்கிழமை உன்னைச் சோதித்தேன். வழக்கைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது, அதனால் சுற்றி வளைத்து, உன் வீட்டு எதிரே அந்தக் காடு என்ன ஆச்சு என்று கேட்டேன். படமெல்லாம் எடுத்து அனுப்பியிருக்கிறேன், இனி அவர்கள் சும்மா இருக்க முடியாது என்றாய். உன் முகத்தில் ஒரு திருப்தி இருந்தது.  யாரை எதிர்த்து அனுப்பினாய் என்று கேட்க எனக்கு எந்த விதியும் தடையாக இல்லை. எந்தத் தோழியும் கேட்கக்கூடிய கேள்வி அது. நீயும் நான் கேட்பேன் என்று காத்திருந்த மாதிரி இருந்தது. நான் சாம்பாரில் உப்பு குறைவு என்று சொல்லிப் பேச்சை மாற்றினேன்.

மூன்று வாரம் கழித்து செல்வராசு குற்றத்தை ஒப்புக்கொண்டார். வக்கீல் வைக்கவில்லை. வழக்கின் விவரத்தை ஆங்கிலத்தில் வாசித்தார்கள், நான் தமிழில் சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஏதாவது சொல்ல விரும்புகிறாரா என்று நீதிபதி கேட்டதைச் சொன்னதும், "அய்யா, வண்டி ஏறி..." என்று தொடங்கினார். உடனே அவர் கண் பின்வரிசைக்குப் போனது. அங்கே கம்பெனியின் சூப்பர்வைசர் கைகட்டி உட்கார்ந்திருந்தார். செல்வராசு நிறுத்திக்கொண்டார். 'வண்டி ஏறி' என்பதை நான் அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். எந்த வண்டி என்று நீதிபதி கேட்டார். "ஒண்ணுமில்லைங்க. தப்புதான். மன்னிச்சிடுங்க" என்றார். அதையும் சொன்னேன். அவர் கண் எங்கே போனது என்பதை நான் சொல்லவில்லை. கண்ணை மொழிபெயர்ப்பது என் வேலை இல்லை என்பது அன்றைக்கு எனக்கு வசதியாக இருந்தது. அபராதம் விதித்தார்கள். வேலை அனுமதி ரத்தாகி, அந்த மாதமே ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்.

திறந்த நீதிமன்றத்தில் வாசித்துவிட்டதால் இனி அது ரகசியம் இல்லை. அடுத்த சனிக்கிழமை, உட்கார்ந்ததும் கேட்டேன். அந்தச் சாக்குக்காரர் படத்தை நீதானே எடுத்தாய் என்று.

"எந்தப் படம்?"

செல்வராசு யார், என்ன ஆனது என்று சொன்னேன். சொல்லச் சொல்ல உன் முகம் வெளுத்துக்கொண்டே போனது. பிறகு நீ பேசியதை நான் ஒரு சாட்சியின் வாக்குமூலம் போலக் கேட்டேன். நீ புகார் கொடுத்தது அந்த மண்தோண்டும் வண்டியைப் பற்றி. விலங்குகளை அப்புறப்படுத்தாமல் காட்டை அழிக்கிறார்கள் என்று எழுதி, ஒரு டஜன் படங்களைச் சேர்த்து அனுப்பியிருந்தாய். காட்டை அழிக்க வண்டிக்கு அனுமதி இருந்தது. நிபந்தனை மீறப்பட்டது என்று காட்ட அந்தப் படங்கள் போதவில்லை. உடும்பைத் தூக்க செல்வராசுவுக்கு மட்டும் அனுமதி இல்லை.

"நான் கேஸ் போடச் சொன்னது கம்பெனி மேல. அந்த ஆள் மேல இல்ல," என்றாய்.

"அப்போ அந்த ஆள் படத்தை ஏன் சேர்த்தே?"

"ஒவ்வொண்ணா பாக்கல லா. மொத்தமா அனுப்பிட்டேன்."

பிறகு நீ கேட்டாய்: "உனக்கு எப்போ தெரியும்?"

ஒரு மாதத்துக்கு முன்பே என்றேன். போன முறை இதே மேசையில் நீ யார் மேல் புகார் கொடுத்தாய் என்று நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், நீ பதில் சொல்லியிருப்பாய், நான் வழக்கிலிருந்து விலகியிருப்பேன், நீ மற்ற படங்களை எடுத்துக்கொண்டு அவருக்காகப் போய் நின்றிருப்பாய். அவர் ஒப்புக்கொள்வதற்கு முன்பே. இதை நீ சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் தெரிந்தது. சாப்பிடாமல் எழுந்து போனோம்.

நீ புகார் அனுப்பிய அலுவலகத்துக்கு மறுபடி எழுதினாய். வழக்கு முடிந்துவிட்டது என்று மரியாதையாகப் பதில் வந்தது. பிறகு செல்வராசுவைத் தேடினாய். இரண்டு ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில், தொழிலாளர்கள் கூடும் கூட்டத்தில், புதுக்கோட்டைக்காரர் யாராவது உண்டா என்று கடை கடையாகக் கேட்டுக்கொண்டு நடந்தாய். இரண்டாவது ஞாயிறு நானும் வந்தேன். உதவ வந்தேன் என்று சொன்னேன். உண்மையில் நீ எப்படிக் கேட்கிறாய், யாரிடம் என்ன சொல்கிறாய் என்று பார்க்கத்தான் வந்தேன். உன்னைப் போலீஸ் என்று நினைத்து நிறையப் பேர் நழுவினார்கள். சிம் கார்டு விற்கும் கடையில் ஒருவர், அரை மணி நேரம் நம்மை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஒரு எண் கொடுத்தார்.

உன் வீட்டிலிருந்து ஸ்பீக்கரில் போட்டுப் பேசினாய். புகார் கொடுத்தது நான்தான் என்று சொன்னாய்.  நடந்ததைச் சொல்லுங்கள் என்று நீ கேட்டதும் அவர் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"வண்டி ஏறினது நெசம்மா. பின்பக்கம் நசுங்கிக் கெடந்துச்சு, உசுரு இருந்துச்சு. நான் கொழம்பு வெக்கத்தான் தூக்கினேன், அதுவும் நெசம். ரெண்டுல எதைச் சொல்றதுன்னு எனக்குத் தெரியல. யாரும் கேக்கவும் இல்ல."

நீ மன்னிப்புக் கேட்டாய். அவர் சரிங்கம்மா என்று சொல்லி வைத்துவிட்டார். எனக்கு உள்ளூர ஒரு குரூரமான நிம்மதி. பார், அவரும் சுத்தம் இல்லை என்று. அதை உன்னிடம் சொல்லவும் செய்தேன். நீ எழுந்து போய்ப் பிரண்டைக்குத் தண்ணீர் ஊற்றினாய்.

அதற்குப் பிறகு நீ எழுதியவற்றின் போக்கே மாறியது. விலங்குக்காக யார் பேசுவது என்று கேட்பதற்கு முன், விலங்குக்காக யார் தண்டிக்கப்படப் போகிறார் என்று கேட்க வேண்டும் என்று எழுதினாய். காட்டுக்கு ஒரு காப்பாளர் வந்தால் அவர் குனிந்து பார்ப்பது கம்பெனியையா, கூலிக்காரனையா என்று கேட்டாய். சில பேர் நீ கட்சி மாறிவிட்டாய் என்றார்களாம். நீ மாறவில்லை. உடும்பு பொருள் இல்லை என்பதில் கடைசி வரை உறுதியாக இருந்தாய். நான் எல்லாவற்றையும் படித்தேன், நன்றாக இருக்கிறது என்றேன். ஆனால் ஒவ்வொரு முறையும் எனக்குள் ஒரு முள். என் பிறந்தநாள் வாழ்த்தில்கூடக் காற்புள்ளி திருத்துகிறவள், ஒரு டஜன் படங்களைப் பார்க்காமலா அனுப்பியிருப்பாள்? நீ நோயில் விழுந்து, மருத்துவமனைக்கு நான் நாள்தோறும் வந்து போன அந்த இரண்டு மாதத்திலும் அது போகவில்லை. கேட்கவும் இல்லை. நோயாளியிடம் எப்படிக் கேட்பது?

போன மாதம் உன் தம்பி வீட்டைக் காலி செய்தபோது, தமிழ்ப் புத்தகங்களைப் பிரித்துக் கொடுக்க என்னைக் கூப்பிட்டார். அலமாரியில் அந்தக் காட்டின் கோப்பு இருந்தது. நீ அனுப்பிய புகாரின் நகல் உள்ளே இருந்தது. ஒவ்வொரு படத்துக்கும் கீழே உன் ஆங்கிலத்தில் ஒரு வரிக் குறிப்பு. செல்வராசு படத்தின் கீழே எழுதியிருந்ததைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: உடும்புடன் ஒரு தொழிலாளி, உடும்பு உயிருடன் இருக்கிறதா எனத் தெரியவில்லை.

நீ பார்த்திருக்கிறாய். பார்த்து, யோசித்து, எழுதி அனுப்பியிருக்கிறாய். பிறகு என் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லியிருக்கிறாய். அந்தக் காலி அறையின் தரையில் உட்கார்ந்து, இத்தனை வருடமும் நான் நினைத்தது சரிதான் என்று சொல்லிக்கொண்டேன். சரியாக இருந்ததில் எனக்கு எந்தச் சந்தோஷமும் வரவில்லை. கோபம் வந்தது. செத்தவள் மேல் வருகிற கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

கோப்பின் அட்டையில் செல்வராசுவின் எண் உன் கையெழுத்தில் இருந்தது. அன்று மாலையே கூப்பிட்டேன். நீதிமன்றத்தில் தமிழில் சொன்னவள் நான் என்றதும், கண்ணாடி போட்ட அம்மாவா என்று கேட்டார். ஊரில் டைல்ஸ் வேலை செய்கிறாராம். நான் விஷயத்துக்கு வருவதற்குள் அவரே கேட்டார், அந்த அம்மா பொங்கலுக்குக்கூடப் பேசவில்லையே, நல்லா இருக்காங்களா என்று. நீ இறந்துவிட்டதைச் சொன்னேன்.  நீ அவருடன் தொடர்ந்து பேசி வந்தது எனக்குத் தெரியாது. அப்போதும் என் சுபாவம் விடவில்லை. அந்தப் படத்தைப் பற்றி உங்களிடம் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன்.

"எல்லாம் சொல்லிட்டாங்கம்மா. ரெண்டாவது தடவ பேசும்போதே. என்னைப் பாத்துட்டுத்தான் அனுப்பினாங்களாம். அப்ப என் கண்ணுக்கு உடும்புதான் தெரிஞ்சுச்சு, நீங்க தெரியலன்னு சொன்னாங்க."

கோபம் வரவில்லையா என்றேன்.

"வந்துச்சு. ரெண்டு வருசம் போனை எடுக்கல. அவங்க கூப்பிடறத நிறுத்தல. அப்புறம் எடுத்தேன்."

என்னிடம் பொய் சொல்லி மறைத்ததை, சொல்ல வேண்டியவரிடம் நீ மறைக்கவில்லை. நான் உன்னை விசாரித்துக்கொண்டிருந்த அத்தனை வருடமும் நீ வேறொருவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாய். அதை நான் ஜீரணிப்பதற்குள் அவர் என்னிடம் ஒன்று கேட்டார். குரலில் குற்றம் சாட்டுகிற தொனி இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"வண்டி ஏறின்னு நான் ஆரம்பிச்சேனே. அது அய்யாவுக்குப் போச்சாம்மா?"

"போச்சு. பாதிதான் போச்சு. மீதியை நீங்க எதுக்கு நிறுத்தினீங்கன்னு எனக்குத் தெரியும். நான் அதைச் சொல்லல."

அவர் 'ம்' என்றார். மன்னித்தாரா என்று தெரியவில்லை. அடுத்த மாதம் கூப்பிடலாமா என்று கேட்டேன். கூப்பிடுங்கம்மா என்றார். எடுப்பேன் என்று சொல்லவில்லை.

என் சந்தேகம் குறைந்துவிட்டது என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். இப்போதும் யார் எதைச் சொன்னாலும் அவர்கள் கண் எங்கே போகிறது என்றுதான் பார்க்கிறேன். பார்த்ததை வைத்துக்கொண்டு சும்மா இருப்பதில்லை, அவ்வளவுதான். போன செவ்வாய்க்கிழமை ஒரு பெண் சாட்சி சொல்லிக்கொண்டே வந்து பாதியில் நிறுத்தினார். நான் எழுந்து நின்று, சாட்சி இன்னும் முடிக்கவில்லை, யாரையோ பார்த்து நிறுத்துகிறார் என்று தோன்றுகிறது என்று நீதிபதியிடம் சொன்னேன். அப்படிச் சொல்ல எனக்கு உரிமை உண்டா என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார். நீதிபதி அவரைக் கையமர்த்திவிட்டு, பேனாவைக் கீழே வைத்தார். நான் அந்தப் பெண் பக்கம் திரும்பி, சொல்லுங்க, கேக்கிறோம் என்றேன்.